8×60 எஸ் தோட்டாவோடு நமீபியா போகலாமா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஆம்பூர். தோல் பதனிடும் ரசாயன வேலைக்காக ஜெர்மனி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே முறையாக வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, வேட்டை உரிமம் வாங்கினேன். இப்போது தங்கை கல்யாண வேலையாக ஒரு மாத விடுப்பில் ஊரில் இருக்கிறேன்.

என்னிடம் இருப்பது பழைய மவுசர் ரைஃபிள், அதன் தோட்டா 8×60 எஸ் (8 மி.மீ. குண்டு, 60 மி.மீ. நீள உறை). எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி எனக்கே கொடுத்தார். ஜூன் மாதம் நமீபியாவில் ஒரு பண்ணைக்குப் போகிறேன், ஓரிக்ஸ் மான் ஒன்று, கூடு (kudu) மான் ஒன்று சுடத் திட்டம். அந்த ரைஃபிளோடுதான் போகவேண்டும் என்று ஆசை.

பண்ணைக்காரருக்கு எழுதிக் கேட்டேன். "இந்தத் தோட்டா எங்களிடம் இல்லை, தலைநகர் விண்ட்ஹோக் கடையில் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. ஜெர்மனியில் என் கடைக்காரரிடமே இருபது தோட்டா உள்ள பெட்டி இரண்டுதான் இருக்கிறது. அங்கே போய்த் தேடிக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் கையோடு கொண்டு போகவேண்டுமா? இன்னொன்று: கல்யாணம் ஜூன் முதல் வாரம். அதற்கு மறுபடி வரும்போதே ரைஃபிளையும் எடுத்துவந்து, சென்னையிலிருந்து அப்படியே ஆப்பிரிக்கா போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


குடியாத்தம் குமரன்:

அண்ணா, பழைய துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு .30-06 ரைஃபிள் வாங்கிக்கொண்டு போங்கள். வேட்டைக்குப் போகிற பெரும்பாலான ஊர்க் கடைகளில் .30-06, .308, .375 எச் அண்ட் எச் தோட்டா மூன்றும் இருக்கும். வேறு யோசனையே வேண்டாம்.


கோட்டைவாசல்:

குமரன் சொல்வது நடைமுறைக்குச் சரி. ஆனால் தம்பி கேட்டது அது இல்லை. அந்தப் பெரியவர் கையிலிருந்து வந்த துப்பாக்கியோடு போகவேண்டும் என்கிறார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கள் கடைக்கு வந்த ரைஃபிள்களில் பெரும்பாலும் .315 தான். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. பார்த்தால் பழைய லீ என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். ராணுவத்தின் .303 தோட்டா பொதுஜனத்தின் கைக்குப் போகக்கூடாது என்பதற்காக, அதே உடம்பில் வேறு தோட்டா போட்டுச் செய்த துப்பாக்கி அது. அந்த .315 புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஆஸ்திரிய ராணுவம் ஒரு காலத்தில் வைத்திருந்த 8×50 ஆர் மான்லிக்கர் தோட்டாதான் இங்கே வந்து பெயர் மாறியது. நம் ஊரில் கேட்டால் கிடைக்கும். இந்திய எல்லையைத் தாண்டிவிட்டால் கடைக்காரருக்கு அந்தப் பெயரே தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிடைக்காத தோட்டாக்களில் பாதிக்கு மேல் சட்டத்தால் பிறந்தவை. 1907-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 கேலிபரை (கேலிபர் என்றால் குழலின் உள்விட்டம், இங்கே அங்குலத்தில்) தடை செய்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு அந்தக் குண்டு போய்ச் சேரும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .470, .465, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி புதுத் தோட்டா போட்டார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்காரர்கள் இன்றும் .470 வைத்திருப்பதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

தம்பியின் 8×60 எஸ் கதையும் அதேதான். முதல் உலகப் போர் முடிந்து வெர்சாய் ஒப்பந்தம் வந்தபோது, ஜெர்மன் ராணுவத் தோட்டாவான 8×57-ஐ வேட்டைக்காரர்கள் வைத்திருப்பது சிக்கலானது. துப்பாக்கி செய்பவர்கள் தோட்டா உட்காரும் அறையை மூன்று மில்லிமீட்டர் நீளமாகக் கடைந்தார்கள். தோட்டாவும் மூன்று மில்லிமீட்டர் நீண்டது. இது ராணுவத் தோட்டா இல்லை என்று சொல்ல வழி கிடைத்தது. பிரான்சிலும் 2013 வரை .308, .30-06 மாதிரி ராணுவக் கேலிபர்களுக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால்தான் அங்கே 7×64 தோட்டா அவ்வளவு பரவலானது.

ஆகவே ஒரு தோட்டா அபூர்வமா இல்லையா என்பது எந்த நாட்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நமீபியாவில் ஜெர்மன் குடும்பங்களின் பழைய பண்ணைகள் உண்டு, யாராவது ஒருவர் அலமாரியில் 8×60 எஸ் இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்பதை நம்பி விமானம் ஏறாதீர்கள். தோட்டா கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஊருக்குத் திரும்பியதும் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். எஸ் இருக்கிறதா? எஸ் என்றால் குண்டின் விட்டம் .323 அங்குலம். அது இல்லாத பழைய குழல் .318 அங்குலமாக இருக்கக்கூடும். பெரிய குண்டைச் சின்னக் குழலில் தள்ளினால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். யார் சொன்னாலும் வாய்வார்த்தையை நம்பாமல் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.


நம்ம ஆரணி:

ஐயா பிரமாதமாகச் சொன்னார். எனக்கு ஒரு யோசனை. 8×57 ஜெர்மனியில் எங்கும் கிடைக்குமே. மூன்று மில்லிமீட்டர்தான் குறைவு, குண்டு அதே .323. உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அவசரத்துக்கு அதையே சுடலாமே?


கோட்டைவாசல்:

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைப் படிக்கிற யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன்.

உள்ளே போகும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் தோள், அதாவது உறை கழுத்தை நோக்கிக் குறுகும் இடம், அறையின் தோளில் போய் முட்டி நிற்கவேண்டும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், சுடும்போது பித்தளை உறை முன்னும் பின்னும் இழுபட்டு, அடிப்பக்கம் கிழிந்துவிடும். கிழிந்தால் அந்த வாயு முழுக்க சுடுபவர் முகத்தை நோக்கித்தான் வரும். ஒருமுறை எங்கள் கடைக்கு இப்படி ஒரு துப்பாக்கி வந்தது. போல்ட்டைத் தட்டித்தான் திறக்கவேண்டி இருந்தது. கொண்டுவந்தவரின் இடது கன்னத்தில் மருந்துப் பொடி கருப்பாகப் பதிந்திருந்தது. கண் தப்பியது.

தோட்டா விஷயத்தில் "கிட்டத்தட்ட அதே" என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டுக் கடையில் "முந்நூறு கொடு" என்று கேட்டால் .300 வின்செஸ்டர் மேக்னமும் முந்நூறுதான், .300 எச் அண்ட் எச்சும் முந்நூறுதான், .300 வெதர்பியும் முந்நூறுதான். மூன்றும் வேறு வேறு. முழுப் பெயரையும் தாளில் எழுதிக்கொண்டு போய், குழலில் பொறித்ததோடும் பெட்டியில் அச்சடித்ததோடும் தோட்டா அடியில் உள்ள முத்திரையோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.


நம்ம ஆரணி:

மன்னிக்கவும் ஐயா. எனக்கு இது தெரியாது. என் பதிவை அழிக்காமல் விடுகிறேன், வேறு யாருக்கும் அதே யோசனை வந்தால் உங்கள் பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும்.


காட்பாடி ஜங்ஷன்:

மீனம்பாக்கத்தில் பயணிகள் சாமான் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலாற்றங்கரை தம்பிக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, எடை. விமானத்தில் ஒரு பயணிக்கு மொத்தம் 5 கிலோ தோட்டா வரை, அதுவும் கம்பெனி முன்கூட்டி ஒப்புக்கொண்டால், பதிவு செய்யும் சாமானில் மட்டும் போகலாம். சர்வதேச விதி அதுதான். பெட்டியின் எடையும் சேர்த்து 5 கிலோ. கூட வருபவருடைய 5 கிலோவையும் சேர்த்து ஒரே பெட்டியில் 10 கிலோ என்று கட்டக்கூடாது. நீங்கள் கொண்டுபோகிற தோட்டா ஒன்று 30 கிராமுக்குள்தான் இருக்கும். மூன்று பெட்டி, 60 தோட்டா போட்டாலும் 2 கிலோவைத் தொடாது. ஆக எடை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பெரிய .470 மாதிரி வைத்திருப்பவர்கள்தான் எண்ணி எண்ணிக் கட்டவேண்டும், அதில் குண்டு மட்டுமே 32 கிராம். டப்பா கம்பெனி டப்பாவாகவே இருக்கட்டும். ரைஃபிள் பெட்டிக்குள் போடாமல் தனியாகப் பூட்டிய சிறு பெட்டியில் வையுங்கள். சில கம்பெனிகள் ஒன்றாக வைக்க விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். தனியாக இருந்தால் எங்கும் தகராறு வராது.

இரண்டாவது, சென்னை. இதை மிக அழுத்தமாகச் சொல்கிறேன். துப்பாக்கியோடோ தோட்டாவோடோ சென்னை வழியாக வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன்படி, முன் உரிமம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கல்யாணத்துக்குத் தனியாக வந்து போங்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து விண்ட்ஹோக்குக்கு நேரடி விமானம் இருக்கிறது, அதில் போங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் மாறினால் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காகிதமும் சேர்ந்துகொள்ளும். தேவையில்லாமல் மூன்றாவது நாட்டின் சட்டத்துக்குள் ஏன் நுழையவேண்டும்?

என் பணிக்காலத்தில் நெஞ்சு கனத்த நாட்கள் சில உண்டு. வெளிநாட்டில் முறையாக வேட்டை முடித்துவிட்டு வந்த ஒரு பையன், வேலூர்ப் பக்கம்தான். திரும்பிப் போகும்போது கைப்பையின் பக்கவாட்டுப் பையில் ஒரே ஒரு தோட்டா. அதே பையைத்தான் அங்கே காட்டுக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. அவன் அம்மா வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிக்கொண்டு நிற்கிறார், இவன் உள்ளே போலீசோடு உட்கார்ந்திருக்கிறான். தெரிந்தே வைத்திருந்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும், அப்படி விடுபட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விமானம், வேலை, விசா எல்லாம் போய்விடும். வேட்டைக்குப் போன சட்டை, கோட்டு, பை மூன்றையும் வீட்டில் விட்டுவிட்டு வேறு பையோடு இந்தியா வாருங்கள்.


ஜவ்வாது:

நான் ஜமுனாமரத்தூர் பக்கம் பள்ளி ஆசிரியை. துப்பாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 1972-க்குப் பிறகு நம் நாட்டில் வேட்டையே குற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள். அதனால் இந்த இழையை முதலில் கோபத்தோடுதான் படித்தேன். அண்ணா, அது வேறு நாடு, அங்கே சட்டம் அனுமதிக்கிறது என்பது புரிகிறது. அதைப் பற்றிச் சண்டை போடவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் மலையில் யாரோ திருட்டுத்தனமாக நாட்டுத் துப்பாக்கியால் சுட்டு, காலில் காயத்தோடு தப்பி வந்த ஒரு கடமானைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால் மூன்று நாள் கிடந்து செத்தது. நீங்கள் கேட்பதெல்லாம் தோட்டா கிடைக்குமா என்பதுதான். கிடைத்த தோட்டா பழகாத தோட்டாவாக இருந்தால் அந்த மானுக்கு என்ன ஆகும்?


பாலாற்றங்கரை:

டீச்சர், இந்தக் கேள்விக்கு நன்றி. உண்மையில் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இதுதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் வருடம் முழுக்க என்னைச் சுடவே விடவில்லை. காயம்பட்ட மிருகத்தை நாயோடு தேடிப்போகிற வேலையை மட்டும் கொடுத்தார். ஒரு ரோ மானை மழையில் ஆறு மணி நேரம் தேடியிருக்கிறோம். அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தொடவிட்டார்.

பழகாத தோட்டா என்றால் இதுதான் நடக்கும்: குண்டின் எடை மாறும், வேகம் மாறும், அதே துப்பாக்கி அதே தூரத்தில் வேறு இடத்தில் அடிக்கும். 100 மீட்டரில் நான்கு விரல் தள்ளிப் போனால் 200 மீட்டரில் எட்டு விரல். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் போய்விடும். ஆகவே அங்கே போய்க் கிடைத்ததை வாங்குவது என்ற எண்ணத்தை இப்போதே விடுகிறேன். வீட்டில் எதை வைத்து ஸீரோ செய்தேனோ (குறியைச் சரியாக அமைத்தேனோ), அதே கம்பெனி, அதே எடை, முடிந்தால் ஒரே நேரத்தில் தயாரித்த பெட்டிகள். அது கிடைக்காவிட்டால் இந்த ரைஃபிள் நமீபியா வராது.


டெக்சாஸ் வாணியம்பாடி:

நல்ல முடிவு. ஆனால் அது மட்டும் போதாது, என் கதையைக் கேளுங்கள்.

நான் வைத்திருந்தது .280 ஆக்லி இம்ப்ரூவ்டு. அருமையான தோட்டா, அமெரிக்காவிலேயே எல்லாக் கடையிலும் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் வேட்டை. காகிதம் எல்லாம் பக்கா. இங்கே புறப்படுமுன் சுங்கத்தில் 4457 படிவத்தில் ரைஃபிள் எண்ணைப் பதிந்து முத்திரை வாங்கினேன், அங்கே 520 படிவத்தில் தற்காலிக அனுமதி. அங்கே ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை விடுவார்கள், நான் 60 கொண்டுபோனேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் ரைஃபிள் வந்தது. தோட்டாப் பெட்டி வரவில்லை. எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை, யாருக்கும் நடக்கக்கூடியது. எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது: சாதாரண .280 ரெமிங்டன் தோட்டாவை ஆக்லி அறையில் சுடலாம், அந்தத் தோட்டாவை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கோட்டைவாசல் ஐயா சொன்ன 8×57 கதை போல இல்லை. ஆனால் போகும் வழியில் மூன்று ஊரில் நிறுத்திக் கேட்டோம். .280 என்ற எண்ணே எந்தக் கடையிலும் இல்லை. .308 மலை மாதிரி அடுக்கியிருக்கிறது.

கடைசியில் முகாமில் இருந்த .308-ஐ எடுத்தேன். வேட்டை நடத்துபவர் முதல் நாள் என்னைக் காட்டுக்கே கூட்டிப்போகவில்லை. குறி அட்டையில் மூன்று குண்டு, பிறகு துப்பாக்கியைத் தாங்குகோலில் சாய்த்து நின்றபடி ஐந்து குண்டு. என் தோள் அந்தத் துப்பாக்கிக்குப் பழகிய பிறகுதான் கிளம்பினோம். தோட்டாப் பெட்டி நாலாம் நாள் வந்தது, அதற்குள் எனக்கு அது தேவைப்படவில்லை. சங்கடம் என்னவென்றால் அந்த ரைஃபிளுக்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

அதனால் சொல்கிறேன், பண்ணைத் துப்பாக்கி ஒன்றை இப்போதே மின்னஞ்சலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேலிபர், என்ன தொலைநோக்கி, தோட்டா எத்தனை இருக்கிறது எல்லாம் கேளுங்கள்.


குடியாத்தம் குமரன்:

நமீபியாவில் கேலிபரைவிட குண்டின் ஆற்றல் கணக்குத்தான் சட்டம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?


கோட்டைவாசல்:

ஆமாம். ஸ்பிரிங்போக் மாதிரி சின்ன மானுக்குக் குறைந்தது 1,350 ஜூல், கூடு, ஓரிக்ஸ் வகைக்கு 2,700 ஜூல், காட்டெருமை, யானைக்கு 5,400 ஜூல். தம்பியின் தோட்டா கூடு மானுக்கு வேண்டியதைத் தாராளமாகத் தாண்டும், காட்டெருமைக்குப் போதாது.


பாலாற்றங்கரை:

ஜெர்மனியில் ஒரு நண்பர் .30-06 காலி உறைகளை வெட்டிச் சுருக்கி 8×60 எஸ் தோட்டா செய்து தருகிறேன் என்கிறார். கைதேர்ந்தவர், அவருடைய தோட்டா கம்பெனித் தோட்டாவைவிடத் துல்லியமாகச் சுடும். பெட்டி கிடைக்காவிட்டால் அதைக் கொண்டுபோகலாமா?


கோட்டைவாசல்:

உள்ளூரில் சுடுங்கள். பயணத்துக்கு வேண்டாம். அந்த உறையின் அடியில் என்ன பொறித்திருக்கும்? .30-06. உங்கள் அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கும்? 8×60 எஸ். இரவு முழுக்கப் பறந்து வந்து களைத்து நிற்கும் உங்களைப் பார்த்து, கவுண்டரில் இருக்கும் போலீஸ்காரர் "இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா எப்படி?" என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். உறையை வெட்டிச் சுருக்கிய கதையை அங்கே நின்று நிரூபிக்க முடியாது. கம்பெனி டப்பா இல்லையென்றால் விமானக் கம்பெனியே ஏற்றாமலும் போகலாம்.

பெயரே இரண்டாக உள்ள தோட்டாவுக்கும் இதே தொல்லை. .275 ரிக்பி என்று பொறித்த துப்பாக்கிக்கு 7×57 என்று பொறித்த தோட்டாதான் கிடைக்கும். இரண்டும் ஒன்றே. .404 ஜெஃப்ரியை ஐரோப்பாவில் 10.75×73 என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் விண்ணப்பத்திலேயே இரண்டு பெயரையும் எழுதிவிட வேண்டும்.


பாலாற்றங்கரை (மூன்று மாதம் கழித்து):

திரும்பி வந்துவிட்டேன். கடன்பட்ட மாதிரி இருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

குழலில் எஸ் இருந்தது. மெக்கானிக் அளந்தும் பார்த்தார், .323. கடைக்காரர் அலைந்து தேடி மூன்றாவது பெட்டியும் வாங்கித் தந்தார், மூன்றிலும் ஒரே தயாரிப்பு எண். 20 தோட்டாவை இங்கேயே கோலில் சாய்த்துச் சுட்டுப் பழகினேன். மீதி 40 கம்பெனி டப்பாவில், தனிப் பெட்டியில். பிராங்க்பர்ட்டிலிருந்து நேராக விண்ட்ஹோக். அங்கே படிவத்தில் எண்ணிக்கை எழுதினேன், அதிகாரி டப்பாவைத் திறந்து ஒவ்வொரு வரிசையாக எண்ணினார். அடி முத்திரையை வாசித்தார், சீட்டைப் பார்த்தார், அனுப்பிவிட்டார்.

பண்ணையில் ஒரு .30-06 எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை, ஆனாலும் முதல் நாள் மாலை அதிலும் மூன்று சுட்டுப் பார்த்தேன். என் ரைஃபிளில் மூன்று. பயணத்தில் குறி கொஞ்சமும் நகரவில்லை.

ஓரிக்ஸ் ஒரே தோட்டா. கூடு மானுக்கு இரண்டு. முதல் குண்டு நல்ல இடத்தில்தான் பட்டது, ஆனால் மான் நின்றுகொண்டே இருந்தது, தயங்காமல் இன்னொன்று சுட்டேன். டீச்சர், அது நாற்பது அடிகூடப் போகவில்லை. இதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். இறைச்சி முழுவதும் பண்ணையில் வேலை செய்யும் குடும்பங்களுக்குப் போனது.

ஆக 40-இல் 6 செலவு. மீதி 34-ஐப் பண்ணையில் விட்டுவிட்டு வரலாமா என்று கேட்டேன். அந்தக் கேலிபர் துப்பாக்கியே அவரிடம் இல்லை, உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது என்றார். கணக்கோடு திரும்பக் கொண்டுவந்தேன்.


ஜவ்வாது:

படித்தேன் அண்ணா. எழுதியதற்கு நன்றி.


கோட்டைவாசல்:

சந்தோஷம் தம்பி. 31 வருடத்தில் 8×60 எஸ் ஒன்றைக்கூட நான் கையில் தொட்டதில்லை. அடுத்தமுறை ஆம்பூர் வரும்போது சுட்ட காலி உறை ஒன்று கொண்டுவர முடியுமா?


காட்பாடி ஜங்ஷன்:

ஐயா, காலி உறையும் வேண்டாம். ஸ்கேனரில் அதுவும் தோட்டா மாதிரிதான் தெரியும், பையைப் பிரித்து உட்காரவைத்துவிடுவார்கள்.


பாலாற்றங்கரை:

காட்பாடி ஐயா சொல்வதுபோல உறை கொண்டுவரவில்லை. கூடு மானைச் சுட்ட அந்த இரண்டு உறைகளையும் அந்தப் பெரியவரின் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் வெளிச்சத்தில் வைத்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்தேன் கோட்டைவாசல் ஐயா. எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. உங்கள் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.